பட்டியலில் இரண்டு முத்துக்கருப்பன்

ஐப்பசி கடைசி வியாழக்கிழமை, காலை பத்தேகாலுக்குக் கண்டரமாணிக்கத்து வீட்டுக் கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். வடசுவரை ஒட்டிய நைலான் கட்டிலில், தீவனக்கடைக் காலண்டருக்கு நேர் கீழே, முத்துக்கருப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்திரண்டு. வலக்காதில் மிஷின். அடுப்படி வாசலுக்கு இந்தப் பக்கம் அவருடைய மருமகள் சத்தியப்பிரியா, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தரையில் இருந்தாள். மடியில் ஃபோன். மூலையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் மேல் அவள் மகன் குதிரை ஏறினாற்போல் ஏறியிருந்தான். அய்யாவின் பேரை மூத்த பேரனுக்கு வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம் என்பதால் அவனும் முத்துக்கருப்பன்தான். விடிந்தால், வெள்ளிக்கிழமை, அவனுக்கு ஆறு வயது முடிகிறது. நாலாவது ஆள் சத்தியப்பிரியாவின் அண்ணன் உதயகுமார். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான். காரைக்குடியிலிருந்து மழையில் நனைந்து வந்தவன் சட்டையைக்கூடப் பிழியவில்லை. வீட்டுக்காரன் சேவுகப்பெருமாள் சிங்கப்பூரில் இருந்தான். கூடத்தில் அவனுக்குரிய இடம் சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோ.

“இன்னொரு தடவ படிண்ணே. தப்பாப் படிச்சிருப்ப” என்றாள் சத்தியப்பிரியா.

உதயகுமார் படித்தான். இங்கிலீஷில் இரண்டே வரி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: பயனாளியின் வயது வரம்பைக் கடந்துவிட்டது.

செய்தி வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே அதுவும் ஒரு விளம்பரம் போலக் கிடந்திருக்கிறது. ஆபரேசனுக்குத் தேதி போட்டிருப்பார்களோ என்று இன்று காலையில் தேடியபோதுதான் அவள் கண்ணில் பட்டது.

“வரம்பு ஆறு வயசுதானே? எம்பிள்ளைக்கு இன்னம் ஆறு முடியலயேண்ணே. இன்னைக்குப் பொழுது இருக்குல்ல?”

அந்தச் செய்தியின் வாசகம் உதயகுமாருக்குத் தெரியும். எழுதியவன் அவன்தான். மதுரையில் செவிச்செல்வம் அறக்கட்டளை என்று ஒன்று. காது கேளாத பிள்ளைகளுக்கு உள்காதில் கருவி வைத்து ஆபரேசன் செய்து, பேசப் பழக்கும் பயிற்சியையும் அவர்களே கொடுப்பார்கள். ஆறு வயது முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கிடையாது. அந்த அறக்கட்டளையின் விண்ணப்பப் பாரத்தை வலைத்தளத்தில் போட்டுக் கொடுக்கிற வேலை, காரைக்குடி செக்காலை ரோட்டில் நாலு கம்ப்யூட்டர் வைத்துச் சின்ன ஆபீஸ் நடத்தும் காசிவிஸ்வநாதனுக்கு வந்தது. காசிவிஸ்வநாதனிடம் பாரம் செய்கிறவன் உதயகுமார். ‘அண்ணன் செஞ்ச பாரந்தானே, ஃபோன்லயே போட்டுரு ஆத்தா’ என்று தங்கையிடம் சொன்னவனும் அவன்தான்.

பையனுக்குக் காது கேட்கவில்லை என்பதை முதலில் கண்டதும் அவன்தான். குன்றக்குடியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளை. மேளம் முழங்க, வெளியே வேட்டுப் போட்டார்கள். சுற்றி நின்ற பெண்டுகள் எல்லாரும் காதைப் பொத்தினார்கள். மடியில் இருந்த பிள்ளை தட்டாரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தது. கண் இமைக்கவில்லை. அந்தக் கணத்தில் கண்டதை உதயகுமார் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னான். அந்த ஒரு வாரத்தைத் தங்கை இன்னும் மன்னிக்கவில்லை.

“நீ எப்படிப் போட்ட? முதல்லருந்து செஞ்சு காட்டு. அன்னைக்குச் செஞ்ச மாதிரியே.”

சத்தியப்பிரியா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஃபோனைப் பிடித்தாள். உதயகுமார் நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஏழு மாதம் உட்கார்ந்து செய்த பாரத்தை ஒரு மனுஷியின் கையில், ஒரு கட்டைவிரலின் கீழே, அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

பெட்டிகள் குன்றிமணி அளவில் இருந்தன. கம்ப்யூட்டரில் மவுசின் அம்புமுனைக்கு அளவெடுத்துச் செய்தவை. அவள் விரல் ஒன்றைத் தொட்டால் பக்கத்துப் பெட்டி திறந்தது. ஃபோன் நம்பர் போடும் இடத்தில் எண்களுக்குப் பதிலாக எழுத்துகள் எழும்பி வந்து பாதித் திரையை மறைத்தன. ‘அடுத்து’ என்கிற பட்டன் அந்த எழுத்துகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பிறந்த தேதிக்குக் காலண்டர் திறந்தது. அது இந்த மாதத்தில் நின்றது. சத்தியப்பிரியா பேசாமல் இடப்பக்க அம்பைத் தட்ட ஆரம்பித்தாள். ஒரு தட்டுக்கு ஒரு மாதம்.

“இப்படியேவா போன?”

“பின்ன? எழுபத்தோரு தட்டு. நடுவுல ஒரு தடவ கை வழுக்கி வெளிய வந்துருச்சு. மறுபடியும் மொதல்லருந்து. ஒன் பாரம் அப்படித்தேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லலையே ஆத்தா.”

“எனக்குத்தேன் தெரியலன்னு நெனச்சேன். பன்னெண்டாப்புப் படிச்சவ பாரத்தக் கொறை சொல்றதா?”

அடுத்த பக்கத்தில் ‘பயனாளி யார்’ என்று கேட்டது. அவள் தொட்டாள். குடும்பத்தார் பட்டியல் விரிந்தது. போன வருஷம் மாமனாருக்குக் காது மிஷின் வாங்கியதும் இதே அறக்கட்டளையில்தான் என்பதால் குடும்பம் முழுதும் ஏற்கெனவே பதிவாகி இருந்தது. நாலு வரி. முதல் வரி ‘முத்துக்கருப்…’ என்று இருந்தது. இரண்டாவது அவள் புருஷன், மூன்றாவது அவள். நாலாவது வரியிலும் ‘முத்துக்கருப்…’ என்றே இருந்தது.

உதயகுமார் ஃபோனை இன்னும் கிட்டே இழுத்தான்.

“இதுல எதத் தொட்ட?”

“மொத வரிய.”

“ரெண்டு இருக்குல்ல?”

“இருந்துச்சு. இந்தப் போனு அப்பப்ப எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாக் காட்டும்ணே. ஒரு தடவ தொட்டா ரெண்டு தடவ தொட்டதா எடுத்துக்கும். அதான் பேரு ரெண்டு தடவ விழுந்திருக்குன்னு…” அவள் நிறுத்தினாள். “அன்னைக்கு நீயும் போன்ல இருந்தியே. எந்தப் பேரு வந்திருக்குன்னு கேட்ட.”

கேட்டான். அதற்கு அவள், ‘அவுக பேருதேன், நம்ம பிள்ளை பேரு’ என்றாள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். அதே பேர் மகனுக்கும் வந்துவிட்டதால் மகன் பேரையும் சொல்ல மாட்டாள். வீட்டில் அவன் ராசு. சரி சரி என்று அவனும் விட்டுவிட்டான்.

அவன் லேப்டாப்பை எடுத்துத் தன் பாரத்தைத் திறந்து, மவுசை அந்த வரியின் மேல் கொண்டுபோய் வைத்தான். மஞ்சள் கட்டம் ஒன்று மெல்லத் தோன்றியது. முழுப்பேர், அப்பா பேர், வயது 72. நாலாவது வரியில் வைத்தால் வயது 5. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அன்றைக்குக் காசிவிஸ்வநாதன்கூட முதுகில் தட்டினார்.

“இது எங்க இருந்துச்சு?” என்றாள் சத்தியப்பிரியா.

“மவுச மேல வச்சாத் தெரியும்.”

“மவுசா? போன்ல ஏதுண்ணே மவுசு?”

விரல் திரையின் மேல் நின்று பார்ப்பதில்லை. தொடும், இல்லையென்றால் தொடாது. சும்மா மேலே வைத்துப் பார்ப்பது என்பது ஃபோனில் கிடையவே கிடையாது. இது தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆபீஸில் சோதிப்பதற்கென்று வைத்திருந்த பழைய ஃபோன் மேசை டிராயரில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அவன் கம்ப்யூட்டரிலேயே ஜன்னலை ஃபோன் அளவுக்குச் சுருக்கி, மவுசை வைத்துச் சோதித்தான். ஜன்னல் சுருங்கியது. கையில் இருந்தது மவுசுதானே? மஞ்சள் கட்டம் ஒழுங்காக வந்தது. சரிபார்ப்புத் தாளில் ‘ஃபோனில் பார்த்தாயிற்று’ என்ற கட்டத்தில் டிக் போட்டான். எதையும் வரிசையாகச் செய்து வரிசையாக டிக் போடுகிறவன் என்று அவனுக்குப் பேர் இருந்தது.

“என்னவாம்?” என்று கட்டிலில் இருந்தவர் கேட்டார். மழைச் சத்தம் மிஷினில் கரகரவென்று இரைவதால் அவர் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

உதயகுமார் அவர் காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னான். “மாமா! பிள்ளைக்குன்னு போட்ட மனு ஒங்க பேருல போயிருச்சு! வயசாயிருச்சுன்னு தள்ளிட்டாக!”

“எனக்கா? எனக்கு எதுக்கு மாப்ள ஆபரேசன்? நான் நல்லாத்தேன் இருக்கேன்.” அப்புறம் அவருக்கு விளங்கியது. பேரனைப் பார்த்தார். அவன் மூட்டையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். “மறுபடியும் போடு. நாளைக்குத்தானே ஆறு?”

உதயகுமார் மறுபடியும் போட்டுப் பார்த்தான். நாலாவது வரியைத் தொட்டு, எல்லாம் நிரப்பி, அனுப்பு என்று அழுத்தினான். சிவப்பில் ஒரு வரி வந்தது. இக்குடும்ப எண்ணில் இவ்வாண்டு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் பெறப்பட்டுள்ளது. அந்த வரியையும் அவன்தான் எழுதியிருந்தான்.

சத்தியப்பிரியா சத்தம் போட்டு அழவில்லை. எழுந்து போய் அடுப்பில் கொதித்த உலையைக் கிளறினாள். கிளற வேண்டிய தேவையே இல்லாமல் கிளறினாள்.

அந்த வீட்டில் நெட் எப்படியோ ஓடும், பேசுவதற்குச் சிக்னல் நிற்பது மேற்கு ஜன்னலில் கவிழ்த்து வைத்த, நெல் அளக்கும் மரக்காலின் மேல் மட்டும்தான். உதயகுமார் ஃபோனை அதன் மேல் வைத்து, சத்தத்தைத் திறந்துவிட்டு, அறக்கட்டளையில் மனுக்களைப் பார்க்கும் கார்த்திகேய சிவத்தைக் கூப்பிட்டான். ஏழாவது முறை, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் கிடைத்தது. நடந்ததைச் சொன்னான்.

“சிஸ்டத்துல ரிஜெக்ட்டானா எங்க கையில ஒண்ணும் இல்லீங்க தம்பி” என்றார் அவர். “கமிட்டிதான் முடிவெடுக்கணும். பெரிய மனுசங்க கமிட்டி. மெயில் கியில் எல்லாம் பாக்க மாட்டாங்க. எழுத்துல வேணும்.”

“தர்றேன் சார். என்னென்ன எழுதணும்?”

“மூணு விசயம். பட்டியல்ல இருக்கற பெரியவர், நான் இதைக் கேக்கலைன்னு கையெழுத்துப் போடணும். தப்பு பாரத்துலதான்னு பாரத்தைச் செஞ்சவங்களே ஒத்துக்கிட்டு எழுதணும். அப்புறம், பையனுக்கு ஆறு முடியறதுக்கு முந்தின தேதி தபால் முத்திரை இருக்கணும். அது இல்லேன்னா கவரையே பிரிக்க மாட்டாங்க.”

“இன்னைக்கு.”

“இன்னைக்குத்தான். ஆனா ஒண்ணு, கட்டாயம் எடுத்துக்குவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.”

ஊர்த் தபாலாபீஸில் பை பன்னிரண்டு மணிக்கே கட்டிப் போய்விடும். இனி காரைக்குடிதான். அங்கே நாலரைக்கு மேல் கொடுத்தால் மறுநாள் முத்திரை.

அவன் பேசி முடித்ததும் ஃபோன் மரக்காலின் மேல் அதிர்ந்தது. மூட்டையிலிருந்து பையன் குதித்து ஓடிவந்து மரக்காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். ஃபோன் வருவது அவனுக்கு அப்படித்தான் தெரியும். சிரித்துக்கொண்டே மாமனைப் பார்த்தான். கூப்பிட்டது காசிவிஸ்வநாதன்.

உதயகுமார் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

“ஒத்துக்கிட்டு எழுதணும்னா, யாரு எழுதறது?” என்றார் காசிவிஸ்வநாதன்.

“நான்தாண்ணே.”

“நீ எழுதுனா நான் எழுதுனது மாதிரிதானப்பா. தை மாசம் ஆஸ்பத்திரி வேலையையும் நமக்கே தர்றேன்னு சொல்லியிருக்காக. பாரமே தப்புன்னு எழுதிக் குடுத்தா அப்புறம் வாசப்படி ஏற விடுவாகளா? உதயா, நான் சொல்றதக் கேளு. எதுக்கு இவ்வளவு சுத்து? டேட்டாவுக்குள்ள போ. அந்த வரியில பெரியவர் எண்ணை எடுத்துட்டுப் பிள்ளை எண்ணைப் போடு. ரிஜெக்ட்ட எடுத்து விடு. ரெண்டு நிமிச வேலை.”

“மாத்துன நேரமும் ஆளும் பதிவாகும்ணே.”

“அந்தப் பதிவையும் நீதான எழுதுன? நான் ஒண்ணும் சொல்லல. நான் ஃபோனே பண்ணல. பிள்ளையப் பாரு.”

ஃபோன் அணைந்தது. சத்தியப்பிரியா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“மாத்திருண்ணே.”

“சத்தியா…”

“மாத்திரு. சாமி சத்தியமா ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். அவருகிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்.” கல்யாணப் போட்டோவைக் காட்டினாள்.

உதயகுமார் லேப்டாப்பைத் தன் ஃபோனோடு இணைத்து உள்ளே போனான். மாற்றவேண்டும் என்றுதான் போனான், அதில் ஒளிவு இல்லை. ஆயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்களில் மருமகனுடையதைத் தேடச் சுருக்கு வழியாக, வயதுக்காகத் தள்ளியவற்றை மட்டும் காட்டச் சொன்னான். பன்னிரண்டு வரி வந்தது.

68. 74. 61. 80. 72. 70. வரிசையாகக் கிழவன்களும் கிழவிகளும் சின்னப் பிள்ளைகளின் ஆபரேசனுக்கு மனுப் போட்டிருந்தார்கள். தள்ளியது கம்ப்யூட்டர். மனுவில் போட்ட பிறந்த தேதியை விட்டுவிட்டு, பட்டியலில் இருந்த வயதை மட்டும் அது பார்த்தது. எந்த மனுஷர் கண்ணும் அதன் மேல் படவில்லை. பட்டிருந்தால் அன்றைக்கே சிரித்திருப்பார்கள்.

ஒன்றைத் திறந்தான். நாட்டரசன்கோட்டை. பயனாளி அகிலாண்டேஸ்வரி, வயது 70. கூடவே ஏற்றியிருந்த போட்டோவில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூட பேட்ஜ் நேராகத் தெரிய வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். பேத்திக்கும் அதே பேர்தான். ஆவணியில் அவளுக்கு ஆறு முடிந்துவிட்டது.

சத்தியப்பிரியா அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

“இந்தப் பிள்ளை ஆரு?”

“தெரியாது.”

“இதுவும் ஒன் பாரந்தானாண்ணே?”

“ஆமா.”

அவள் வெகு நேரம் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். பிறகு, “மொதல்ல நம்ம பிள்ளைக்கு மாத்து. அப்புறம் அதுகளப் பாப்போம்” என்றாள்.

“அப்புறம்னு ஒண்ணு வராது ஆத்தா. நான் கள்ளத்தனமா மாத்திட்டா, பாரம் தப்புன்னு வாயத் தொறக்க முடியாது. தொறந்தா நான் மாத்துனதும் வெளிய வந்துரும். அன்னைக்கு நம்ம பிள்ளையவும் தூக்கி வெளிய போட்டுருவாக. தொறக்காட்டி இந்தப் பதினோரு பிள்ளையும் இப்படியே கெடக்கும்.”

“அதுகள நானா பெத்தேன்?”

“இல்ல.”

“காது குத்துறப்ப ஒன் மடியில இருந்தது எம்பிள்ளை.” அவள் கரண்டியை அவன் பக்கம் நீட்டினாள். “ஒரு வாரம் சொல்லாம வச்சிருந்த. இப்ப எம்பிள்ளைய வச்சுத்தேன் நீ நல்லவன்னு பேரெடுக்கணுமா? அந்தக் கமிட்டி முடியாதுன்னுட்டா? ரெண்டு நிமிசத்துல முடியறதுன்னு ஒங்க மொதலாளியே சொல்றாக. அங்குட்டு ஒரு லெட்டரப் போட்டுட்டு இங்குட்டு நான் மானத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

கமிட்டி முடியாது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் இந்தப் பிள்ளை கடைசிவரைக்கும் மரக்காலைத் தொட்டுத்தான் ஃபோன் வருவதை அறிவான். அவன் விரல், போட்டோவுக்குப் பக்கத்தில் தெரிந்த மருமகன் வரிக்கு மேலேயே நின்றது. பெரியவர் எண்ணை அழிக்க இரண்டு தட்டு. பையன் பக்கத்தில் வந்து, லேப்டாப்பின் வெளிச்சத்தில் அந்த ரெட்டைச் சடைக்காரியைப் பார்த்து, தன் தலையில் இரண்டு பக்கமும் கையை வைத்துச் சடை போலக் காட்டினான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அம்மா சிரிக்காததால் மறுபடியும் காட்டினான்.

“சோத்த வையி” என்றார் கட்டிலில் இருந்தவர். யார் என்ன பேசினார்கள் என்று அவருக்குப் பாதிதான் தெரியும். “பசியில எதச் செஞ்சாலும் கோணும்.”

கொள்ளு ரசமும் வாழைக்காய்ப் பொரியலும். உதயகுமார் நாலு வாய் அள்ளிப் போட்டுக் கையைக் கழுவினான். டேட்டா பக்கத்தை மூடினான். ஒன்றையும் மாற்றவில்லை. அதற்குப் பதிலாகப் பாரத்தைத் திறந்தான்.

மஞ்சள் கட்டத்தைத் தூக்கினான். அதில் ஒளிந்திருந்ததையெல்லாம் வரிக்குள்ளேயே, பேருக்குக் கீழே, வெளிப்படையாகப் போட்டான். முழுப்பேர், அப்பா பேர், வயது. வரியின் உயரத்தைக் கட்டைவிரல் அளவுக்கு ஏற்றினான். பிறந்த தேதிக்கு அந்தக் காலண்டரை எடுத்துவிட்டு நாள், மாதம், வருஷம் என்று மூன்று பெட்டி வைத்தான். எண் கேட்கும் இடத்தில் எண்கள் மட்டும் எழும்பும்படி செய்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏழு மாதத்தில் செய்திருக்க வேண்டிய ஒரு மணி நேரம். காசிவிஸ்வநாதனைக் கேட்காமலே தளத்தில் ஏற்றினான்.

“மாமா, இதுல ஒங்க பேரத் தொடுங்க.”

முத்துக்கருப்பன் ஃபோனைக் கைநீட்டி வாங்கினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்து, நடுவில் பிளந்த கட்டைவிரல். அந்த விரல் பட்டால் ஃபோன் எதையும் ஏற்றுக்கொள்ளாது என்று வீட்டில் கேலி பண்ணுவார்கள். அவர் தூரத்தில் வைத்துப் படித்தார்.

“ரெண்டு இருக்கே. இது எழுபத்திரண்டுன்னு போட்டுருக்கு, இதான் நானு.” தொட்டார். சரியாக விழுந்தது. “கீழ இருக்கது எம்பேரன், வயசு அஞ்சு. இத மொதல்லயே போட்டுருக்கலாமுல்ல மாப்ள?”

“போட்டிருக்கலாம் மாமா.”

அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

மணி இரண்டு. சத்தியப்பிரியா மாடத்திலிருந்து ராசுவின் பேச்சுப் பயிற்சி நோட்டை எடுத்து வந்தாள். ஒரு பக்கம் முழுக்க உதடுகளின் படம். எழுதாத நாலு தாளைக் கிழித்து அண்ணனுக்கு முன்னால் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“எழுது. அந்தப் பிள்ளைக பேரையும் எழுது. ஆனா எங்க பிள்ளை பேர மொதல்ல எழுது. வயசு வரிசை, ஊர் வரிசைன்னு எதையும் பாத்துக்கிட்டு இருக்காத. மொதல்ல.”

கல்லல் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபடியே அவன் எழுதினான். இடப்பக்கம் அனுப்புநர், கீழே பெறுநர், நடுவில் பொருள். கரண்ட் போயிருந்தது. ஜன்னலோரம் மரக்காலைத் தள்ளிவைத்து, அதன் இடத்தில் தாளை வைத்து எழுதினான்.

‘ஐயா, இந்த விண்ணப்பப் பாரத்தைச் செய்தவன் நான். இதிலுள்ள தவறு கீழ்க்கண்டவாறு. ஒன்று: குடும்பத்தார் பட்டியலில் வயதும் தந்தை பெயரும் மவுசை மேலே வைத்தால் மட்டுமே தெரியும்படி அமைத்தேன். கைப்பேசியில் விண்ணப்பிப்போருக்கு அவை தெரிய வழியே இல்லை. இரண்டு: எங்கள் பகுதியில் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன் பாட்டி பெயரை வைப்பது வழக்கம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. மூன்று: கைப்பேசியில் சோதித்ததாகச் சரிபார்ப்புத் தாளில் குறித்தேன். நான் சோதிக்கவில்லை. நான்கு: இதனால் வயது வரம்பைக் காட்டித் தள்ளப்பட்ட பன்னிரண்டு மனுக்களின் விவரம் இணைத்துள்ளேன். இவை யாவும் குழந்தைகளுக்காகப் போடப்பட்டவை. சிலருக்கு இதற்குள் ஆறு வயது முடிந்துவிட்டது. அவர்கள் மனுப் போட்ட தேதியைக் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன். தவறு அவர்களுடையதும் அன்று, என் முதலாளியுடையதும் அன்று. என்னுடையது.’

மூன்றாவது எண்ணை எழுதும்போது மட்டும் பேனா நின்றது. எழுதினால் காரைக்குடியில் அவனை இனி யார் வேலைக்கு வைப்பார்கள்? வீட்டில் மனைவி ரோகிணியிடம் என்ன சொல்வான்? எழுதினான். தங்கை தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“சோதிக்கவேயில்லையா?” என்றாள்.

“இல்ல ஆத்தா.”

அவள் அடுத்த தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

அடுத்த தாளில் முத்துக்கருப்பன், இந்த ஆபரேசனைத் தான் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார். உதயகுமார் மட்டும் போய் வருவதாகத்தான் பேச்சு. பெரியவர் அதற்கு ஒப்பவில்லை. “எம்பேரால வந்தது. நான் வந்து நிக்கிறேன்” என்று வேட்டியை மாற்றிக்கொண்டார். சத்தியப்பிரியா முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பையனைத் தனியாக விட முடியாது. உள்ளூர் ஆட்டோக்காரன் இராமுவின் வண்டியில் நாலு பேரும் ஏறும்போது மணி மூன்றேகால்.

மழை விடவில்லை. கண்மாய்த் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடிய இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. இராமு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “முட்டங்கால் தண்ணி. இஞ்சின் அணைஞ்சா நடுவுலதேன் நிக்கணும், என்ன செய்றீக?” என்றான்.

“போ” என்றாள் சத்தியப்பிரியா.

தண்ணீர் ஆட்டோவுக்குள் ஏறியது. உதயகுமார் கவரைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான். பையன் காலைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக் கெக்கலித்தான். இஞ்சின் இரண்டு முறை இருமியது. அணையவில்லை.

காரைக்குடித் தலைமைத் தபால் நிலையத்துக்குள் அவர்கள் ஓடியபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்திரண்டு. முன்னால் மூன்று பேர். சத்தியப்பிரியா அவர்களைக் கும்பிட்டு, பிள்ளையைக் காட்டி, முன்னால் போனாள். உதயகுமார் கவரை நாக்கால் நனைத்து மூடி, அங்கே கிடந்த பசையை மேலே தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தினான். நனைந்ததில் அனுப்புநர் இடத்தில் மை கலங்கிவிட்டது. பசைக் கையோடு அவன் பின்னால் நிற்க, அவள் கவரைக் கவுண்டரில் நீட்டினாள்.

கவுண்டரில் தேனம்மை என்று பேர் குத்திய அம்மாள் கவரைத் திருப்பிப் பார்த்தார். “அனுப்பறவங்க பேரு அழிஞ்சிருக்கே. யாரு அனுப்பறது?”

அனுப்புநர் இடத்தில், மனு யாருக்கோ அந்தப் பையன் பேரைத்தான் எழுதியிருந்தார்கள். உதயகுமார் வாயைத் திறப்பதற்குள் சத்தியப்பிரியா மாமனாரை ஒரு தரம் பார்த்தாள். அவர் தூணோரம் நின்று காதில் மிஷினைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். பையன் கவுண்டர் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக் குதிகாலை உயர்த்தி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முத்துக்கருப்பன்” என்றாள்.

“மழையில கேக்கலம்மா. சத்தமாச் சொல்லுங்க.”

“முத்துக்கருப்பன்!”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பும்படி சொன்னாள். தூணோரம் நின்றவரும் வெடுக்கென்று திரும்பினார். “என்னத்தா?” என்றார்.

பையன் திரும்பவில்லை.

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “முத்துக்கருப்பன், இனிஷியல் சே. முத்துக்கருப்பன், வயசு அஞ்சு” என்று அந்த அம்மாளிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த அம்மாள் தட்டச்சு செய்து, சீட்டை ஒட்டினார்.

“தேதி முத்திரை தெளிவா விழணும் மேடம்” என்றான் உதயகுமார். “இன்னைக்குத் தேதி.”

அந்த அம்மாள் முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு முறை ஒற்றி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பலகை அதிர்ந்தது. பையன் தன் கைகளைப் பார்த்தான், அப்புறம் முத்திரையைப் பார்த்தான். இன்னொரு தரம் என்று விரலைக் காட்டிக் கேட்டான்.

அதற்குள் கவர் பின்னால் திறந்து கிடந்த சாக்குக்குள் விழுந்துவிட்டது. ஒரு ஆள் சாக்கின் வாயைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கி, தோளில் ஏற்றிக்கொண்டு, மழையில் நின்ற வேனை நோக்கிப் போனார்.